பாரத மாதாவின் முன்பற்கள்

முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள். நம் பள்ளிக்கூடத்து வாட்ஸாப் குழுவில் போன வாரம் போட்டீர்களே, ஆண்டு விழா மேடைப் படம், அதைத்தான் சொல்கிறேன். தலையில் ஜிகினாக் கிரீடமும் கையில் கொடியுமாக, ஈயென்று பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே ஒன்பது வயது பாரத மாதா, அவள் என் தங்கச்சி. "அப்பவே இன்னா வெளுப்பு பாருப்பா, பேஸ்ட்டு விளம்பரத்துக்கே போயிருக்கலாம்" என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். எனக்கு அறுபது ஆகிவிட்டது, உங்களில் சின்னவர்களுக்கே ஐம்பதைத் தாண்டிவிட்டது, இனிமேல் யாருக்குப் பயந்து மூடி மறைக்க வேண்டும்? அந்தப் பல் எப்படி வெளுத்தது என்று சொல்கிறேன். கேட்டுவிட்டு அப்புறம் கைதட்டுங்கள்.

படம் வந்த அதே வாரம் எனக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கிச் சோறு இறங்கவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் மாடி ஏறிப் போனால் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், என் மகள் வயசுப் பெண். நாற்காலியில் சாய்த்து, விளக்கை வாய்க்குள் அடித்து, குட்டிக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொத்தையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஏம்மா, சின்ன வயசுல வேற ஊருல இருந்தீங்களா?"

"இல்லியே. பொறந்ததுல இருந்து சின்னசேலம் பக்கத்துல ஒரே ஊருதான்."

"அப்போ குடிக்கிற தண்ணி மாறிச்சா? உங்களுக்கு ஒரு அஞ்சு வயசு இருக்கறப்போ?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஜோசியக்காரி சொல்வது போலச் சொல்கிறாரே என்று பார்த்தேன். அவர் ஒரு கைக்கண்ணாடியை என் முகத்துக்கு எதிரே பிடித்து, இன்னொன்றை வாய்க்குள் விட்டுக் காட்டினார். முன்பற்கள் வெள்ளை. ஊரே மெச்சிய பற்கள். உள்ளே, நாக்குக்கு அந்தப் பக்கம், கடைவாய்ப் பற்களில் தேயிலைக் கறை போலப் பழுப்புப் பட்டைகள். ஐம்பது வருஷமாக என் வாய்க்குள் இருந்ததை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"இது தண்ணியில இருக்கற ஃப்ளோரைடு பண்ற வேலைம்மா," என்றார். "பல்லு ஈறுக்குள்ள உருவாகறப்போ எந்தத் தண்ணி குடிக்கிறோமோ அது பல்லுல பதிஞ்சிடும். முன்பல்லு முதல்ல உருவாகும், கடைவாய்ப் பல்லு பின்னாடி உருவாகும். உங்களுக்கு முன்பல்லு தப்பிச்சிடுச்சு. கொஞ்சூண்டு ஃப்ளோரைடுன்னா பல்லைக் கெட்டிப்படுத்தும், அதுக்காகத்தான் பேஸ்ட்டுலயே சேர்க்கறாங்க. தேய்ச்சுட்டுத் துப்பிடறோம், அதனால ஒண்ணும் ஆகாது. அதுவே குடிதண்ணியில அளவுக்கு மீறிப் போய், சின்னக் குழந்தைங்க வருஷக்கணக்கா குடிச்சா, பல்லோட மேல் பூச்சு சரியா கட்டாது. முளைக்கறப்போ சுண்ணாம்பு மாதிரி வரும். போகப் போகப் பழுப்பேறும்."

"தேய்ச்சா போவாதா?"

"அழுக்கா இருந்தாத்தானே போறதுக்கு? இது அழுக்கே இல்லம்மா. ஆயுசு முழுக்கத் தேய்ச்சாலும் போகாது."

அரை நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டார். நான் வாயைத் திறந்தபடியே கிடந்தேன். "வலிக்குதாம்மா?" என்று கேட்டார். வலி பல்லில் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது?

நம் தெருவுக்கு அடிபம்பு வந்தது எனக்கு ஐந்து வயசில் என்பது உங்களில் மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால் ஏரிக்கரைக் கிணறுதான். பாசியை விலக்கிவிட்டுத்தான் குடத்தை அமுக்க வேண்டும். என் அப்பாதான் ஆபீஸ் ஆபீஸாக நடந்து, மனு மேல் மனு போட்டு, பம்பைக் கொண்டுவந்தார். ஊரே அதை "அவரு பம்பு" என்றது. சைக்கிள் கடையிலிருந்து எண்ணெய் வாங்கிவந்து கைப்பிடிக்கு அவரே விடுவார். பக்கத்தில் யாராவது மாட்டைக் கழுவினால் கல்லெடுத்து அடிப்பார். தண்ணீர் அத்தனை தெளிவு, அத்தனை ருசி. அது வந்தபிறகு தெருவில் பேதி கம்மியாயிற்று, அதையும் சொல்லத்தான் வேண்டும். போட்டவர்கள் அந்தத் தண்ணீரைச் சோதித்தார்களா என்று எனக்குத் தெரியாது. சோதித்திருந்தாலும் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் தங்கச்சி பிறந்தாள். அவள் வாயில் விழுந்த முதல் சொட்டுத் தண்ணீர் அந்தப் பம்புத் தண்ணீர்.

ஏழு வயசில் அவளுக்குப் பால்பற்கள் விழுந்து முன்பற்கள் முளைத்தன. "க்கா, வந்துடுச்சு பாரு" என்று ஓடிவந்து உதட்டைத் தூக்கிக் காட்டினாள். ஈறிலிருந்து பாதி வெளியே வந்த பல். அதில் சுண்ணாம்பைத் தொட்டு இழுத்தது போல வெள்ளைக் கோடுகள். நான் என் கண்ணால் பார்த்தேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள், என் கண்ணால் பார்த்தேன். ஒன்பது வயசாவதற்குள் அந்தக் கோடுகள் எல்லாம் பழுப்பாகிவிட்டன.

பெரியவர்கள் எல்லோருக்கும் பல் வெள்ளை. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் பழுப்பு. பெரியவர்கள் வேப்பங்குச்சியில் தேய்த்தவர்கள். பிள்ளைகள் பேஸ்ட்டில் தேய்க்கிறவர்கள். தெருமுனைக் கடையில் பேஸ்ட் விற்க ஆரம்பித்ததும் பம்பு வந்த காலத்தில்தான். அப்பா இதையெல்லாம் கூட்டிக் கழித்து ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"எல்லாம் இந்தப் பேஸ்ட்டு பண்ற வேல. இனிப்பா கீதுன்னு இதுங்க முழுங்குதுங்க. பல்லு துருப்புடிக்காம இன்னா பண்ணும்?"

பாதி இருந்த டியூபை எருக்குழியில் வீசினார். நாங்கள் பேஸ்ட்டைத் தின்றது என்னவோ நிஜம். பல் டாக்டரிடம் கேட்டேன், சின்னக் குழந்தைக்கு ஓர் அரிசியளவு போதும், அதையும் விழுங்கக் கூடாது என்றார். ஆக அப்பா சொன்னதில் ஓர் அரிசியளவு உண்மை இருந்தது. ஆனால் அதே சரக்கைக் குடம் குடமாக ஊற்றிய பம்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்? அவர் பம்பாயிற்றே.

கல்வராயன் மலையிலிருந்து ஒரு அக்கா கடுக்காயும் புளியும் கொண்டுவந்து நம் தெருவில் விற்பார். கூடவே இரண்டு பிள்ளைகள் வரும். பல் பளீரென்று இருக்கும். அப்பாவுக்கு அதைவிட வேறு சாட்சி வேண்டுமா? தங்கச்சியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்தப் பிள்ளைகளுக்கு எதிரே நிறுத்தினார்.

"மலையில பேஸ்ட்டா கீது? பாருடி இதுங்க பல்ல. இன்னாத்துலம்மா தேய்க்குதுங்க உம் பசங்க?"

அந்த அக்கா சிரித்துவிட்டார். "எங்கங்க தேய்க்குதுங்க? குச்சிய ஒடச்சிக் கையில குடுத்தா ஓடிப்போயிடுதுங்க. ஓடையில வாய் கொப்புளிக்கிறதோட சரிங்க."

தேய்க்காத பிள்ளைகளுக்கு வெள்ளைப் பல். தேய்க்கிற பிள்ளைக்குப் பழுப்புப் பல். அந்த இடத்திலாவது ஒரு பெரிய மனுஷருக்கு மண்டையில் உறைக்க வேண்டாமா? அப்பா ஒரு படி கடுக்காய் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கடுக்காய்ப் பொடி ஒரு வாரம். உப்பும் அடுப்புக்கரியும் ஒரு வாரம். கடைசியில் செங்கல் பொடி. செங்கல்லை உரலில் இடித்துச் சலித்து ஒரு தகர டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார் அப்பா. "நீ பெரியவ. பக்கத்துல நின்னு தேய்க்க வை." எனக்கு அப்போது பதினான்கு வயசு. தினமும் காலையில் பம்படியில் அவளைக் குந்த வைத்து நான் எதிரே நிற்பேன். அவள் விரலால் தேய்ப்பாள். மணலைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். துப்பினால் சிவப்பாக விழும். அதில் செங்கல் எது, ரத்தம் எது என்று பிரிக்க முடியாது. தேயத் தேய மேல் பூச்சு போய், பழுப்பு இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பும்போது ஒரே கேள்விதான். "தேய்ச்சாளா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இன்னாமோ, சும்மா மேலாப்புல தேய்ச்சாப்பா" என்றேன்.

பொய். பச்சைப் பொய். அவள் தேம்பிக்கொண்டே தேய்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்ன பொய். முதுகில் அடி விழும். "நான் தேய்ச்சேன்ப்பா, அக்காவ கேளு. வரும்போதே இப்பிடித்தான் வந்துச்சு" என்று கத்துவாள். அப்பா என்னைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். "அக்கா பல்லப் பாரு, அவளும் இந்த வூட்டுலதான் வளர்றா" என்று இன்னொரு அடி. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் பொய் சொன்னேன். என்னை யாரும் வேறு எதற்கும் மெச்சியதில்லை. படிப்பில் தங்கச்சிதான் கெட்டி, பாட்டில் அவள்தான், பேச்சில் அவள்தான். என்னிடம் இருந்தது நாலு வெள்ளைப் பல். அதை விடுவேனா?

இப்போது வாத்தியார் விஷயத்துக்கு வருகிறேன். வாரத்துக்கு ஒருநாள் நகமும் பல்லும் பார்ப்பாரே, அவர்தான். பழுப்புப் பல்லுக்காரர்களை வரிசையிலிருந்து தனியே பிரித்து வேலியோரம் நிற்க வைப்பார். உங்களில் பாதிப் பேர் அந்த வேலியோரம் நின்றவர்கள். இன்று கைதட்டும் பொம்மை போட்டவர்களும் அதில் இருக்கிறார்கள். ஆண்டு விழா நாடகத்தில் பாரத மாதா வேஷத்துக்கு இரண்டு பக்க வசனம். அதைத் தடங்கல் இல்லாமல் சொல்லத் தெரிந்தவள் பள்ளிக்கூடத்திலேயே தங்கச்சி ஒருத்திதான். வாத்தியாரே அவளைத்தான் தேர்ந்தெடுத்தார். வீட்டில் மாட்டுக்கு வைக்கோல் போடும்போதும் அதே வசனம், பம்படியில் ரத்தத்தைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாலும் அதே வசனம். அவளுக்கு அந்த வருஷம் வேறு நினைப்பே இல்லை.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். "பொண்ணு நல்லா பேசுது. ஆனா வாயைத் தெறந்தா காவி. பெரிய ஆபீசருங்க வராங்க. பாரத மாதாவுக்கு இந்தப் பல்லு இருந்தா ஜனங்க சிரிச்சிடுவாங்க. பல்லு வெளுத்தா இவ நடிக்கட்டும், இல்லன்னா வேற ஆள போட்டுக்கறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

தங்கச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. "எப்பிடியாவது வெளுக்க வெச்சிடுப்பா" என்று அப்பா காலைக் கட்டிக்கொண்டாள். அவளே கேட்டாள் என்று அப்பா இன்றுவரை சொல்வார். ஒன்பது வயசுக் குழந்தை கேட்டதாம்.

சந்தை நாளில் எங்கள் இரண்டு பேரையும் அப்பா கூட்டிப்போனார். வெங்காயக் கடைகளைத் தாண்டி, பல்லுக்காரர் ஒருவர் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். ரயிலில் வந்து இறங்குகிறவர், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. ஒரு பாட்டில் நிறையப் பிடுங்கிய பற்கள், ஒரு குறடு, கண்ணாடி மூடி போட்ட சின்ன நீலக் குப்பி. "ரெண்டே நிமிசம். முத்து மாதிரி ஆயிடும்" என்றார். குப்பியைத் திறந்ததும் மூக்கில் ஏறிய நெடி இப்போதும் எனக்கு மறக்கவில்லை. நம் வீடுகளில் கக்கூஸ் கழுவ வாங்குகிறோமே, அதே ஆசிட். குச்சியில் பஞ்சைச் சுற்றி அதில் முக்கினார். ஒரு சொட்டுக் கீழே கிடந்த சுண்ணாம்புக் கல்லில் விழுந்தது. புஸ்ஸென்று நுரைத்துப் பொங்கி, கல்லில் ஒரு குழி விழுந்தது. நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். பல்லும் சுண்ணாம்புச் சத்தால் ஆனதுதான் என்பதை நம் பாடப் புத்தகத்தில் படித்து, அதற்கு மார்க்கும் வாங்கியவள் நான்.

"கைய புடிச்சிக்கோம்மா, திமிறும்" என்றார் பல்லுக்காரர். நான் பிடித்துக்கொண்டேன்.

அவள் திமிறவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு, என் விரல்களை நசுக்கிக்கொண்டு, சத்தம் போடாமல் இருந்தாள். ஈறு வெந்து வெள்ளையாகப் போயிற்று. தண்ணீர் ஊற்றிக் கொப்புளிக்க வைத்து, ரசம் போன கண்ணாடித் துண்டு ஒன்றை முகத்துக்கு எதிரே காட்டினார். மேல் வரிசையில் நாலு பல்லும் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவள் கண்ணீரோடு சிரித்தாள். அப்பா பல்லுக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அப்படி வெளுத்ததுதான் நீங்கள் போட்ட படத்தில் இருக்கிற பல். இரண்டு பக்க வசனமும் ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். ஆபீசர்கள் தட்டினார்கள், நீங்கள் தட்டினீர்கள்.

அடுத்த வாரமே பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வீல் என்று கத்த ஆரம்பித்தாள். மோர் ஆகவில்லை, புளி ஆகவில்லை. சோற்றை ஆறவைத்து விரலால் பின்பல்லுக்குத் தள்ளித் தின்றாள். வெளுத்த பல் மாவுக்கல் போல உதிர்ந்தது. பொங்கலுக்குக் கரும்பு கடித்தபோது முன்பல் ஒன்று சரிபாதியாக உடைந்து கரும்போடு போயிற்று. அப்பா துப்பிய சக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பேஸ்ட்டு தின்ன பல்லு, வேற எப்பிடி இருக்கும்?" என்றார். அதற்கப்புறம் பள்ளிக்கூடத்தில் அவள் மேடையேறவில்லை. இருபத்திரண்டு வயசுக்குள் நாலு பல்லையும் பிடுங்கிப் பல் செட் வைத்தாயிற்று. இரண்டு முறை பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை.

பல் டாக்டரின் மாடியிலிருந்து இறங்கியவள் நான் வீட்டுக்குப் போகவில்லை. சொத்தைப் பல்லுக்கு வைத்துவிட்ட பஞ்சோடும் வீங்கிய கன்னத்தோடும் எலவனாசூர்கோட்டை பஸ்ஸைப் பிடித்தேன். தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊர் அதுதான். அம்மா போனபிறகு அப்பா அவளோடுதான் இருக்கிறார். எண்பத்தாறு வயசு. காது மந்தம், கண்ணில் திரை, ஆனால் ஒரு பல் விழவில்லை. நான் போனபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முறுக்கை மொறுமொறுவென்று கடித்துக்கொண்டிருந்தார். தங்கச்சி பக்கத்தில் நின்று, தன் முறுக்கைத் தேநீரில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் சொன்னது, என் கடைவாய்ப் பல், பம்பு, ஃப்ளோரைடு. அப்பா "இன்னா? இன்னா?" என்றார். காதருகே போய், "தண்ணிப்பா! எல்லாம் நம்ம பம்பு தண்ணி!" என்று கத்தினேன்.

அது மட்டும் அவருக்குக் கேட்டது. "பம்ப குத்தம் சொல்லாத. அத்த நானுந்தான் குடிச்சேன், எனக்கு இன்னா கெட்டுப்போச்சு?" என்று பல்லைக் காட்டினார். "எல்லாம் பேஸ்ட்டு. அப்பவே சொன்னேன். இவளும் ஒரு நாளாவது ஒழுங்கா தேய்ச்சிருந்தா தான?"

தங்கச்சி தம்ளரைக் கீழே வைத்தாள். வாய்க்குள் விரலை விட்டுப் பல் செட்டைக் கழற்றி, அப்பாவின் தட்டில், முறுக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்பா தட்டைப் பார்த்தார். கடிப்பதை நிறுத்தினார்.

"அவர உடுக்கா," என்றாள் என்னிடம். பல்லில்லாத வாயில் பாதிப் பேச்சு காற்றாகத்தான் வந்தது. "நீ சொல்லு. நான் தெனமும் தேய்ச்சனா, இல்லியா?"

"தேய்ச்ச."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எம் பல்லு வெள்ளையா இருந்துச்சுடி," என்றேன். "அதான்."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்பா பக்கம் கையைக் காட்டினாள்.

"சத்தமா சொல்லு. அவருக்குக் காது கேக்கல."

சத்தமாகத்தான் சொன்னேன். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "தெனமும் தேய்ச்சாப்பா! நான் எதிர்லயே நின்னு பாத்தேன்! பொய் சொன்னது நானு!"